கோப்பைப் படித்தலும் ஏட்டைப் படித்தலும்

ஓலைச் சுவடிகளை ஆராய்ந்து அச்சேற்றிய பெரியோர்க்கு முதற்கண் நேர்ந்த இடர், நூலின் பொருளை உணர்தலன்று, எழுத்தை உணர்தலே. ஓலை கிழியுமென்று அஞ்சிய முன்னோர் பெரும்பாலும் புள்ளியிடாது எழுதினர். ஆதலின் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றுபோல் தோன்றும். எகரமும் ஏகாரமும் வேறுபாடின்றி நிற்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவாக மயக்கும். எழுதினோனுடைய வழக்கை அறிந்தவரே ஏட்டைப் பிழையறப் படித்தனர். இவ்விடர் ஓலையோடு ஒழிந்ததென்று கருதுவார் பலர். அஃது இன்று கணிப்பொறியின் கோப்புக்களில் மீண்டும் தோன்றியுள்ளது.

சென்னைக்கு மேற்கேயுள்ள பட்டாபிராமில் 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் 21 மாடிகளையுடைய டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அத்தகைய இடங்களில் நாளை பணிபுரிய விரும்பும் மாணவர்க்கும், தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்ற விரும்பும் நம்மனோர்க்கும் இச்செய்தி ஒருங்கே பயன்படுமாதலின், அவ்வூரின் பெயரையே சான்றாகக் கொண்டு ஈண்டுச் சில கூறுவாம்.

கோப்பு என்பது யாது? அதனுள் எழுத்துக்கள் இல்லை. 0 முதல் 255 வரையுள்ள எண்களே வரிசையாக உள்ளன. அவ்வெண் ஒவ்வொன்றும் பைட்டு எனப்படும். எவ்வெண் எவ்வெழுத்தைக் குறிக்கும் என்பது எழுதினோன் கொண்ட வழக்கைப் பொறுத்தது. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான், 1960-இல் இலக்கணம் வெளியிடப்பட்ட கோபோல், 1970-இல் நிக்கலாஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கல், 1972-ஐ ஒட்டி டென்னிஸ் ரிச்சி ஆக்கிய சி ஆகிய மொழிகள், ஓரெழுத்துக்கு ஓரெண் என்னும் கொள்கை நிலவிய காலத்தில் பிறந்தவை. நிரலைக் கம்பைலர் பிழையின்றி ஏற்றுக்கொண்ட பின்னரும், கோப்பைப் படிக்குங்கால் இடர் விளைவது இதனாலேயே. அவ்விடர்களுள் தலையாயவை ஐந்து.

முதலாவது, வரியின் முடிவு. விண்டோஸ் முறையில் வரியின் இறுதியில் 13, 10 என்னும் இரண்டு எண்கள் நிற்கும். யூனிக்ஸ் முறையில் 10 மட்டுமே நிற்கும். முன்னதில் எழுதிய கோப்பைப் பின்னதில் சி நிரலாற் படித்தால், 13 என்பது கண்ணுக்குப் புலனாகாமல் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். திரையில் 'பட்டாபிராம்' என்றே தோன்றினும், நிரல் அதனை வேறொரு சொல்லென்றே கொள்ளும்.

இரண்டாவது, கோப்பின் முடிவு. பாஸ்கலில், படிப்பதற்கு முன்னரே 'முடிந்ததோ?' என்று வினவலாம். சி மொழியிலோ, படிக்க முயன்று தோற்ற பின்னரே முடிவு தெரியவரும். பாஸ்கலிற் பழகியோர் அவ்வழக்கைச் சி மொழியிலும் கையாண்டால், இறுதி வரி இருமுறை வரும். மேலும், சி மொழி முடிவை −1 போன்றதோர் எதிர்மறை எண்ணாற் காட்டும். அதனை முழுவெண்ணுக்குரிய இடத்தில் வாங்காமல் ஓரெழுத்துக்குரிய சிற்றிடத்தில் வாங்கினால், 255 என்னும் பைட்டும் முடிவும் ஒன்றாகிவிடக்கூடும். கோப்பு பாதியிலேயே முடிந்ததாக நிரல் மயங்கும்.

மூன்றாவது, இடைவெளி. ஃபோர்ட்ரானில் அமைப்புக் கூறாமல் ஒரு சொற்றொடரைப் படித்தால், இடைவெளி, காற்புள்ளி, சாய்கோடு ஆகியவற்றுள் முதலில் வருவதோடு படிப்பு நின்றுவிடும். 'பட்டாபிராம் நிலையம்' என்பதில் நிலையம் விடுபடும். வரி முழுவதையும் எழுத்தாகவே கொள்க என்று அமைப்பைக் கூறுதலே மாற்று.

நான்காவது, தமிழுக்கே சிறப்பாக உரியது. 'பட்டாபிராம்' என்பதில் நாம் எண்ணும் எழுத்துக்கள் 6. யூனிக்கோடு முறையிலோ மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குத் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்பெற்று 11 ஆகும். யூ.டி.எஃப்.-8 முறையிற் கோப்பில் எழுதுங்கால் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுக்களாய், மொத்தம் 33 ஆகும். ஊர்ப்பெயருக்கு 20 இடம் போதுமென்று ஒதுக்கிய பழைய நிரலில், 'பட்டாப' என்பதும் ஓர் உடைந்த குறியுமே எஞ்சும். 18 இடம் ஒதுக்கியிருப்பின் 'பட்டாப' என்று மட்டும் நிற்கும். உடைந்த குறியும் இல்லாமையால் பிழை நேர்ந்ததென்பதே தெரியாது. முன்னதினும் பின்னதே கொடிது. ஒருவருடைய பெயரோ ஒரு செய்யுளின் அடியோ இங்ஙனம் குறைந்து பதிவாகுமாயின், அதனைப் பின்னர்க் கண்டு திருத்துவார் யாவர்?

ஐந்தாவது, குறியீட்டு வேறுபாடு. யூனிக்கோடு பரவுமுன் தமிழுக்குப் பல குறியீடுகள் வழங்கின. 1999-இல் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்பவற்றை ஏற்றது. திஸ்கி என்பது இணையத்தில் வழங்கியது. 2010-இல் யூனிக்கோடும் டேஸ்-16 என்பதும் அரசின் தரமாயின. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் முன்பு திஸ்கியிலும் பின்பு யூனிக்கோடிலும் வெளிவந்தன. திஸ்கியில் 'கெ' என்பதற்குக் கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கும். யூனிக்கோடில் ககரமே முன் நிற்கும். ஆதலின் எண்ணுக்கு எண் மாற்றுதல் மட்டும் போதாது. வரிசையையும் மாற்றல் வேண்டும்.

இனி, இடர் நேர்ந்தவிடத்துச் செய்யத்தக்கது யாது? நிரலைத் திருத்தப் புகுமுன், கோப்பின் முதற் சில பைட்டுக்களை எண்களாகவே காட்டச் செய்து நோக்குக. தொடக்கத்தில் 239, 187, 191 நிற்பின், அவை யூ.டி.எஃப்.-8 கோப்பின் தலைக்குறி. முதற் சொல்லோடு அவற்றைச் சேர்க்காது தள்ளுக. 224, 174 என்பன அடிக்கடி வரின், யூ.டி.எஃப்.-8 முறையில் எழுதிய தமிழ் எனக் கொள்க. வரியிறுதியில் 13 உளதோ என்று காண்க. பின்னரே, இடம் எத்துணை ஒதுக்கியுள்ளோம், முடிவை எங்ஙனம் வினவினோம் என்று நிரலை ஆராய்க. திரையில் தோன்றும் உருவத்தை நம்பி நிரலைத் திருத்துதல், நோயை அறியாது மருந்து கொடுத்தலை ஒக்கும்.

படிப்போன் கடமை இதுவாக, எழுதுவோன் கடமையும் ஒன்றுண்டு. ஏகார ஓகாரங்களுக்கு வேற்றுவடிவு அமைத்த வீரமாமுனிவர் (1680–1747), படிப்போன் ஊகித்து இடர்ப்படாவண்ணம் எழுத்திலேயே வேறுபாட்டைக் காட்டினார். அதுபோல, இன்று தமிழைக் கோப்பில் ஏற்றுவோர் தாம் கொண்ட குறியீடு இன்னதென்று உடன் குறித்து வைத்தல் வேண்டும். செல்லரித்த ஓலையில் எழுத்து அழிந்தமையால் நாம் இழந்த நூல்கள் பல. எழுத்து அழியாதிருந்தும், படிக்கும் வழக்கு மறைந்தமையால் நூலை இழப்போமாயின், அது நம் சோர்வினால் வந்த இழப்பேயாகும்.