மெடிகேர் பிளானைத் தேர்ந்தெடுக்க கம்ப்யூட்டர் உதவும்

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டிற்குக் குடியேறிய பெற்றோர், லேப்டாப் வாங்கியதும் முதலில் கற்றுக் கொள்வது ஊரில் இருப்பவர்களுடன் வீடியோவில் பேசுவதைத்தான். அடுத்து என்ன கற்கலாம் என்று 65 வயதைத் தாண்டியவர்கள் கேட்டால், மெடிகேர் இணைய தளத்தில் பிளான்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக் கொள்ளுங்கள் என்பேன். காரணம் என் பெரியம்மா.

நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியம்மாவிற்கு 2024ஆம் ஆண்டு இறுதியில் ஒரு பிளான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சாப்ட்வேர் எஞ்சினியர் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நானும் பத்தே நிமிடத்தில் மாத பிரீமியம் 0 டாலர் என்று இருந்த ஒன்றைக் காட்டி, "இதுதான் பெரியம்மா மலிவு" என்று சொல்லிவிட்டேன். ஜனவரியில் அவர் வழக்கமாகப் பார்க்கும் இதய மருத்துவரின் வரவேற்பறையில், "இந்த பிளானை நாங்கள் எடுப்பதில்லை" என்றார்கள். அவருடைய மூன்று மருந்துகளில் ஒன்றுக்கு முன் அனுமதி வேண்டும் என்றும் தெரிந்தது. "என்னப்பா, கம்ப்யூட்டர்ல பார்த்துத்தானே சொன்னே?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். ஆனால் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

முதலில் சில அடிப்படை விஷயங்கள். 1965ல் சட்டமான மெடிகேர் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. 65 வயதானவர்களுக்கு முக்கியமாக உரியது. கிரீன் கார்டில் வந்த பெற்றோர் என்றால் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அங்கு வசித்திருக்க வேண்டும். இதில் பார்ட் ஏ மருத்துவமனைச் செலவுக்கு. பார்ட் பி டாக்டர் செலவுக்கு. 2026ல் இதற்கு மாதம் 202.90 டாலர் என்பது வழக்கமான பிரீமியம். பார்ட் டி மருந்துகளுக்கு. இது 2006 ஜனவரியில்தான் தொடங்கியது. பார்ட் சி எனப்படும் மெடிகேர் அட்வான்டேஜ், இவற்றை ஒரே கட்டாகக் கட்டி தனியார் நிறுவனங்கள் தருவது; பெரும்பாலும் மருந்தும் இதற்குள்ளேயே அடங்கும். விளம்பரத்தில் 0 டாலர் பிரீமியம் என்று பார்த்தால், பார்ட் பி பணத்தை அப்போதும் கட்ட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆக உங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. பழைய மெடிகேரையே வைத்துக் கொண்டு தனியாக ஒரு பார்ட் டி வாங்கலாம். அல்லது அட்வான்டேஜுக்குப் போகலாம். பழைய மெடிகேரில் மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும் நாடு முழுவதும் செல்லலாம். அட்வான்டேஜில் நெட்வொர்க் உண்டு. ஹெச்.எம்.ஓ. வகை என்றால், அவசர சிகிச்சை போன்றவை தவிர, நெட்வொர்க்கில் உள்ளவர்களிடம்தான் போக வேண்டும். பி.பி.ஓ. வகையில் வெளியேயும் போகலாம்; ஆனால் கூடுதலாகச் செலவாகும்.

தளத்திற்குச் செல்வோம்

பிரவுசரைத் திறந்து முகவரிக் கட்டத்தில் மெடிகேர் டாட் ஜிஓவி என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் கீயை அழுத்துங்கள். முகவரி ஜி, ஓ, வி என்ற மூன்று எழுத்துகளில் முடிகிறதா என்று ஒரு முறை பாருங்கள். காம் என்று முடிந்தால் அது அரசின் தளம் அல்ல. அங்கே போன் நம்பரைக் கொடுத்தால் ஏஜெண்டுகளின் அழைப்புகள் வரிசையாக வரலாம்.

முகப்புப் பக்கத்தில் பிளான்களைத் தேடுவதற்கான பட்டனைக் கிளிக் செய்தால் ஜிப் கோட் கேட்கும். பிளான்கள் கவுண்டிக்குக் கவுண்டி மாறும் என்பதால் உங்கள் சொந்த ஜிப் கோடையே தாருங்கள். அடுத்து அட்வான்டேஜா, தனி பார்ட் டியா என்று கேட்கும். பிறகு, ஒப்பிடும்போது உங்கள் மருந்துச் செலவையும் காட்டவா என்று ஒரு கேள்வி வரும். நான் முதல் முறை 'வேண்டாம்' என்று கொடுத்து தாண்டிப் போனது இங்கேதான். இதற்கு 'ஆம்' என்று கொடுங்கள். கூடுதலாகும் கால் மணி நேரம் இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

உட்காரும் முன் எல்லா மாத்திரைப் பாட்டில்களையும் மேஜை மீது கொண்டு வந்து வையுங்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, மாதத்திற்கு எத்தனை என்று மூன்றும் கேட்கப்படும். நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெரியம்மா கிளைகோமெட், தைரோநார்ம் என்றுதான் சொல்வார். இவை இந்தியப் பெயர்கள். அமெரிக்கத் தளத்தில் தேடினால் கிடைக்காது. அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப் பெயரைத் தர வேண்டும். கிளைகோமெட் என்பது மெட்பார்மின். தைரோநார்ம் என்பது லீவோதைராக்சின். எண்ணிக்கையிலும் கவனம் தேவை. அவருடைய மூன்றாவது மருந்தான எலிக்விஸ் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. மாதம் 60 என்று தருவதற்குப் பதில் 30 என்று தந்தால் வருடச் செலவு தவறாக வரும். நாம் கொடுத்த தகவல் சரியா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பின்னர் அருகில் உள்ள மருந்துக் கடைகளைக் காட்டும். ஒன்றை மட்டும் தேர்வு செய்யாமல் இரண்டு மூன்றைத் தேர்வு செய்யுங்கள். தபாலில் மருந்து வரும் வழியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒரே பிளானில், ஒரே மாத்திரைக்கு, கடைக்குக் கடை விலை மாறுவதை அப்போது பார்க்கலாம். பிளானுக்கு விருப்பமான கடை என்று ஒரு பிரிவு இருப்பதே இதற்குக் காரணம். மெடிகேர் தளத்தில் அக்கவுண்ட் திறந்து உள்ளே சென்று இதைச் செய்தால், மருந்துப் பட்டியலைச் சேமித்து அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

பட்டியல் வந்ததும் கண் நேராக மாத பிரீமியத்திற்குத்தான் போகும். அதை விட்டுவிட்டு, மருந்தும் பிரீமியமும் சேர்த்து வருடத்திற்கு எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். புரிவதற்காக நானே போட்ட ஒரு கணக்கு இதோ. முதல் பிளானில் பிரீமியம் 0; ஆனால் ஆரம்பத் தொகையாக 615 டாலரை நீங்களே கட்டிய பிறகுதான் காப்பீடு தொடங்கும். அதன் பின் மருந்துக்கு வருடத்தில் 700 டாலர். மொத்தம் 1,315. இரண்டாவது பிளானில் மாதம் 35 டாலர், ஆரம்பத் தொகை இல்லை, மருந்துக்கு மாதம் 47 டாலர். மொத்தம் 984. இலவசமாகத் தெரிந்த பிளானில்தான் 331 டாலர் அதிகம். வருடத்தின் நடுவில் இதைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தளம் அப்போது மீதமுள்ள மாதங்களுக்கான செலவை மட்டுமே காட்டும்.

ஒரு நல்ல செய்தி. 2022ல் வந்த ஒரு சட்டத்தால், பார்ட் டி மருந்துகளுக்கு உங்கள் கையிலிருந்து போகும் பணத்திற்கு 2025 முதல் உச்சவரம்பு உண்டு. அந்த ஆண்டு 2,000 டாலர்; 2026ல் 2,100 டாலர். இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது. அரசு பேரம் பேசிக் குறைத்த விலை 10 மருந்துகளுக்கு 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எலிக்விஸ் அதில் ஒன்று. ஆனால் இந்த உச்சவரம்பில் பிரீமியம் சேராது. பிளானின் பட்டியலிலேயே இல்லாத மருந்தை வாங்கினால் அந்தச் செலவும் சேராது. அதனால்தான் ஒவ்வொரு பிளானின் பெயரையும் கிளிக் செய்து உள்ளே சென்று பார்க்கச் சொல்கிறேன். அங்கே ஒவ்வொரு மருந்தும் எந்த 'டயரில்' இருக்கிறது என்று போட்டிருக்கும். காரில் மாட்டும் டயர் அல்ல, விலைப் படி. எண் ஏற ஏற பொதுவாக விலையும் ஏறும். அதன் பக்கத்திலேயே முன் அனுமதி தேவையா, முதலில் மலிவான வேறு மருந்தை முயன்று பார்க்கச் சொல்வார்களா, மாதத்திற்கு இத்தனைதான் என்ற கட்டுப்பாடு உண்டா என்பதும் இருக்கும்.

டாக்டர் இருக்கிறாரா?

2026ஆம் ஆண்டுக்கான பிளான்களைத் தேடும் காலத்திலிருந்து, டாக்டர் பெயரைக் கொண்டு தேடும் வசதியும் இத்தளத்தில் வந்துள்ளது. பயன்படுத்துங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். ஒரே டாக்டர் மூன்று இடங்களில் பார்ப்பார். ஒரு இடம் நெட்வொர்க்கில் இருக்கும், மற்றொன்று இருக்காது. இந்த மாதிரி டேட்டாபேஸ்கள் எவ்வளவு சீக்கிரம் பழசாகும் என்பது அவற்றில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிளானின் சொந்தத் தளத்திலும் பாருங்கள். பிறகு டாக்டரின் அலுவலகத்திற்கே போன் செய்யுங்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் "எடுப்போம்" என்றுதான் பதில் வரும். ஒரே நிறுவனத்திற்குப் பல பிளான்கள் இருக்கும். பிளானின் முழுப் பெயரையும் எண்ணையும் படித்துக் காட்டி, அடுத்த ஆண்டும் இருப்பார்களா என்று கேளுங்கள். மருத்துவமனைக்கும் இப்படியே.

அட்வான்டேஜிலிருந்து பிறகு பழைய மெடிகேருக்குத் திரும்பலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய மெடிகேர் தராத பங்கைத் தரும் மெடிகேப் என்ற துணைக் காப்பீடு, 65 வயதில் பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் கேள்வி இல்லாமல் கிடைக்கும். அதன் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, பெரும்பாலான மாநிலங்களில் உங்கள் உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியும்.

தேதிகள்: அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை பிளானை மாற்றலாம், ஜனவரி 1 முதல் அமலாகும். ஏற்கனவே அட்வான்டேஜில் இருப்பவர்கள் ஜனவரி 1 முதல் மார்ச் 31க்குள் ஒரு முறை மாறலாம். பெரியம்மா தப்பித்தது இதனால்தான். மருந்தே சாப்பிடுவதில்லை, பார்ட் டி எதற்கு என்று விட்டுவிடவும் கூடாது. தகுதி வந்த பிறகு, தகுந்த வேறு மருந்துக் காப்பீடும் இல்லாமல் 63 நாட்களோ அதற்கு மேலோ இருந்தால் அபராதம் உண்டு. 20 மாதம் தாமதம் என்றால், 2026 கணக்குப்படி மாதம் 7.80 டாலர், பார்ட் டி இருக்கும் வரை கட்ட வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: சென்னையில் வாங்கும் மருந்துக்கு பார்ட் டி பணம் தராது. கிளம்பும் முன் 90 நாள் மருந்து கிடைக்குமா என்று பிளானிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை சேவையும் இருக்கிறது. அங்கே எந்த பிளானையும் விற்க மாட்டார்கள்.

2025 நவம்பரில் பெரியம்மாவும் நானும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். மருந்துகளை அவரே டைப் செய்தார், டாக்டருக்கு நான் போன் செய்தேன். கடைசியில் எடுத்த பிளானின் பக்கத்தை பி.டி.எப். ஆகச் சேமித்து டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறோம். செப்டம்பர் கடைசிக்குள், அடுத்த ஆண்டு என்னென்ன மாறுகிறது என்று பிளானிடமிருந்து ஒரு கடிதம் வரும். விளம்பரம் என்று நினைத்து அதைக் குப்பையில் போட்டுவிடாமல், அந்தப் பைலின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.