சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டிப் பாதுகாத்தல்

தருமபுரி ஜில்லாவில் பாலக்கோடு முதலிய இடங்களில் தக்காளிக்குச் சொட்டுநீர் பாய்ச்சும் குடியானவர்களிற் சிலர், மகசூல் முடிந்ததும் குழாய்களை வரப்பில் குவித்துவிடுகின்றனர். அவற்றை எலியும் அணிலும் கடிக்கும். மடிந்த இடங்கள் வெயிலில் வெடிக்கும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் ஏனையோருக்கு 75 சதவீதமும் சர்க்கார் மானியம் அளித்து இட்ட குழாய்கள் இவ்வாறு வீணாகலாகாது.

உழவுக்கு முன், கடைமூடிகளைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடவேண்டும். உப்புநீர்க் கிணறுள்ளோர்க்கு இது மிகவும் அவசியம். பின்னர் நீரை முற்றும் வடித்து, 2 முழ அகல வளையங்களாக மடிப்பின்றிச் சுற்றி, நாரினால் மூன்றிடங்களில் தளர்வாகக் கட்டவேண்டும். பூச்சி புகாதபடி முனைகளைத் துணியால் அடைத்து, பாத்தியின் எண்ணைச் சீட்டிலெழுதிக் கட்டினால், மறுபடியும் விரிப்பது எளிது. கொட்டகை நிழலில், தரை படாமல், பருத்த மூங்கிலில் மாட்டுக; மெல்லிய கம்பியில் மாட்டினால் பாரத்தினால் மடியும்.

கிராம அதிகாரிகள் இதனை யாவருக்கும் எடுத்துரைப்பார்களாக.