உலகம் அழிந்தபின் எந்த ஆட்டம்?

பேரழிவுக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ரோல்பிளேயிங் ஆட்டங்களில் எதை எடுத்து நடத்துவது என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அழிவின் வகையை: அணுகுண்டா, கொள்ளைநோயா, கதிர்வீச்சில் உருமாறிய விலங்குகளா என்று. அதைவிட முக்கியம், ஆட்டத்தின் விதிகள் மேசையைச் சுற்றி இருப்பவர்களை எதைப் பற்றிக் கவலைப்பட வைக்கின்றன என்பது. ஓர் ஆட்டத்தில் மாலை முழுக்கத் தோட்டாவையும் எரிபொருளையும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்றில் யாரை நம்பலாம் என்றே பேச்சு ஓடும். வேறொன்றில் ஊரை எப்படி நிமிர்த்துவது என்று வாதம் நடக்கும். இடிந்த கட்டடங்களும் துருப்பிடித்த வண்டிகளும் எல்லாவற்றுக்கும் பொது. அனுபவம் பொது அல்ல.

ரோல்பிளேயிங் ஆட்டம் என்பது நான்கைந்து பேர் கூடிப் பேசியே ஆடுவது. ஒருவர் கேம் மாஸ்டர். களத்தையும் எதிர்ப்படும் ஆட்களையும் ஆபத்துகளையும் அவர் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருளும். 1974-இல் அமெரிக்காவின் டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு வழி திறந்தது. நான்கே ஆண்டுகளில், 1978-இல், அதே நிறுவனத்திலிருந்து ஜேம்ஸ் வார்டு இணைந்து எழுதிய 'காமா வேர்ல்டு' வந்தது. பேசும் விலங்குகள், நடக்கும் செடிகள், பைத்தியம் பிடித்த ரோபோக்கள் என்று அது வண்ணமயமான அழிவு. பழங்காலக் கருவி ஒன்று கையில் கிடைத்தால் அது எதற்கென்று பாத்திரத்துக்குத் தெரியாது. ஒரு வரைபடத்தில் பகடை உருட்டிக் கட்டம் கட்டமாக நகர வேண்டும். ஒரு முனையில் பயன்பாடு புரியும், இன்னொரு முனையில் கையில் எடுத்தவருக்கே காயம். அழிந்த நாகரிகத்தின் முன் மனிதன் எவ்வளவு அறியாதவனாக நிற்கிறான் என்பதை விதியாகவே மாற்றிய அந்த யோசனை இன்றும் பாராட்டத்தக்கது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது 1984-இல் கேம் டிசைனர்ஸ் ஒர்க்‌ஷாப் வெளியிட்ட 'ட்வைலைட்: 2000'. இதில் மாயமும் இல்லை, உருமாற்றமும் இல்லை. மூன்றாம் உலகப் போர் வரம்புக்குட்பட்ட அணு ஆயுதங்களோடு நடந்து, இரு தரப்பும் ஓய்ந்துபோயிருக்கின்றன. போலந்தில் கலீஷ் நகருக்கு அருகே அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று சிதறுகிறது. மேலிடம் இல்லை, ஆணை இல்லை. மிஞ்சிய சில வீரர்கள் இனி தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். சுவீடனின் ஃப்ரீ லீக் நிறுவனம் 2021-இல் நான்காம் பதிப்பைக் கொண்டுவந்தது. அதன் கற்பனை வரலாறு, 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி வென்றிருந்தால் என்ற இடத்தில் கிளை பிரிகிறது. களமாகப் போலந்தை எடுக்கலாம், சுவீடனையும் எடுக்கலாம்.

இந்த ஆட்டத்தின் உயிர் கணக்கில் இருக்கிறது. வரைபடம் அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டம் 10 கிலோமீட்டர். ஒரு நாள் நான்கு பொழுதுகள். ஒரு பொழுதில் ஒருவர் நடக்கலாம், அல்லது தூங்கலாம், அல்லது உணவு தேடலாம், அல்லது காவல் நிற்கலாம். எல்லாவற்றையும் ஒருவரே செய்ய முடியாது என்பதால், சண்டையே இல்லாத ஒரு நாள்கூட நெருக்கடியாகிவிடும். டீசல் கிடைக்காத உலகில் வண்டி ஓட வேண்டுமென்றால் சாராயம் காய்ச்சித்தான் ஊற்ற வேண்டும். காய்ச்சும்வரை ஓரிடத்தில் தங்க வேண்டும். தங்கினால் யாராவது மோப்பம் பிடிப்பார்கள். கணக்கும் வரைபடமும் பிடித்தவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை. பிடிக்காதவர்களுக்கு இரண்டாம் அமர்விலேயே சலித்துவிடும்.

நடுவழியில் நிற்பது ஃப்ரீ லீக்கின் இன்னொரு படைப்பான 'மியூட்டன்ட்: இயர் ஜீரோ'. சுவீடனில் 1984 முதல் ஆடப்பட்டுவந்த 'மியூட்டன்ட்' என்ற ஆட்டத்தின் மறுபிறப்பாக 2014-இல் வெளிவந்தது. முதன்முறையாக நடத்தப்போகும் கேம் மாஸ்டருக்கு எடுத்துக் கொடுக்க ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் இதுதான்.

கதாபாத்திரங்கள் எல்லோரும் உருமாறியவர்கள். 'ஆர்க்' என்று அழைக்கப்படும் ஒதுக்கிடத்தில், ஒரு முதியவரின் நிழலில் வளர்ந்தவர்கள். அவர்களில் எவருக்கும் பிள்ளை பிறப்பதில்லை. முதியவர் சாகக் கிடக்கிறார், உணவு தீர்ந்துகொண்டிருக்கிறது, வெளியே போகவே கூடாது என்ற பழைய தடையை மீறியாக வேண்டும். உணவுக்கும் தண்ணீருக்கும் நாள்தோறும் கணக்கு உண்டு, தோட்டாதான் காசு. ஆனால் இங்கே கணக்கு ஊருக்காக. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் ஆட்டக்காரர்கள் கூடி, பயிரிடுவதா, அரண் கட்டுவதா, வேறு ஏதேனும் வேலையை எடுப்பதா என்று முடிவுசெய்கிறார்கள். அந்தப் பேச்சு சில மேசைகளில் வெளிப்பயணத்தைவிடச் சூடாக நடக்கும்.

விதியும் எளிது. சாதாரண ஆறுமுகப் பகடைகளில் 6 விழுந்தால் வெற்றி. சுரங்க ரயில் நிலையத்தில் துருவேறிய இரும்புக் கதவை ஒருத்தி நெம்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: வலிமைக்கு 3 பகடை, பழக்கத்துக்கு 1, கடப்பாரைக்கு 1. இந்த ஐந்தில் ஒரு 6-ஆவது விழ ஏறக்குறைய 60 சதவீத வாய்ப்பு. விழவில்லை என்றால் அவள் விட்டுவிடலாம், அல்லது மூச்சைப் பிடித்து இன்னொரு முறை தள்ளலாம். தள்ளினால் மீண்டும் உருட்டலாம். ஆனால் வலிமைப் பகடையில் கிடக்கும் ஒவ்வொரு 1-ம் அவள் உடம்பைப் பதம் பார்க்கும், கடப்பாரைப் பகடையில் கிடக்கும் 1 கடப்பாரையைச் சேதப்படுத்தும். உடம்புக்கு வந்த அடிக்கு ஈடாக உருமாற்ற சக்திக்கான புள்ளி கிடைக்கும். கதவு திறக்கும், கை போகும். அல்லது கையும் போய்க் கதவும் திறக்காது. ஒவ்வொரு முறையும் அந்தத் தேர்வு ஆட்டக்காரருடையது என்பதால் மேசையில் யாரும் சும்மா இருப்பதில்லை.

நூலில் லண்டன், நியூயார்க் வரைபடங்கள் இருக்கின்றன. சொந்த ஊரின் வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். சென்னை வரைபடத்தின்மேல் கட்டம் கிழித்து, சென்ட்ரல் நிலையத்தை ஆர்க்காக்கி, கூவத்தைக் கடக்க முடியாத நஞ்சாறாக்கினால், கேம் மாஸ்டர் பாதி வர்ணனையைச் சொல்லவே வேண்டாம். எல்லோருக்கும் இடம் தெரியும்.

பொருளைவிட ஆட்களே முக்கியம் என்பவர்களுக்கு 'அபோகலிப்ஸ் வேர்ல்டு'. டி. வின்சென்ட் பேக்கர் 2010-இல் வெளியிட்டது; மெகி பேக்கருடன் சேர்ந்து எழுதிய இரண்டாம் பதிப்பு 2016-இல் வந்தது. எழுத்திலும் வடிவமைப்பிலும் இந்த வகையின் மிகச் சிறந்த நூல் இது என்று தயங்காமல் சொல்லலாம். உலகம் எப்படி அழிந்தது என்று நூலே சொல்வதில்லை. கோட்டைத் தலைவன், பைக் கும்பலின் தலைவி, பக்தர் கூட்டம் சூழ்ந்த சாமியார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஏடு. கட்டங்களில் குறியிட்டால் பாத்திரம் தயார். ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே முன்பு என்ன நடந்தது என்பதும் எண்ணாக எழுதப்படுகிறது.

உருட்டுவது இரண்டே பகடை. அதோடு பாத்திரத்தின் குணத்துக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். 10-ம் அதற்கு மேலும் முழு வெற்றி, 7 முதல் 9 வரை அரை வெற்றி, 6-ம் அதற்குக் கீழும் கேம் மாஸ்டர் கையில். கூட்டும் எண் 1 என்றால், 36 சேர்க்கைகளில் 10 முழு வெற்றி, 16 அரை வெற்றி, 10 தோல்வி. அரை வெற்றியே அதிகம் என்பதுதான் சூட்சுமம். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே லாரியை நோக்கி ஓடுபவனுக்கு 8 வருகிறது: லாரியை அடையலாம், தோளில் இருக்கும் தண்ணீர்க் கேனை விட்டுவிட்டால். விடுவானா? இப்படிப்பட்ட கேள்விகளாகவே கதை நகரும். கேம் மாஸ்டர் பகடை உருட்டுவதே இல்லை. முன்கூட்டியே கதை எழுதி வைக்கவும் கூடாது. எழுதி வைத்துக்கொண்டு நடத்தும் பழக்கமுள்ளவர்களுக்கு முதலில் தடுமாற்றம்தான். பாலுறவு சார்ந்த விதிகளும் இருப்பதால் இது வயதுவந்தோருக்கு மட்டும்.

மற்றவை சுருக்கமாக. வீடியோ கேமிலும் 2024-இல் வந்த தொடரிலும் 'ஃபால்அவுட்' பார்த்து மயங்கியவர்கள் மேசையில் இருந்தால், மோடிஃபியஸ் 2021-இல் வெளியிட்ட அதே பெயர் ஆட்டம் பொருந்தும். உலகத்தை விளக்கும் வேலை மிச்சம், ஆனால் விதிகள் கனமானவை. ஒரே மாலைதான் கைவசம் என்றால் ஏவரி ஆல்டரின் 'தி கொயட் இயர்' போதும். கேம் மாஸ்டரே வேண்டாம். ஒரு சீட்டுக்கட்டு, ஒரு தாள், இரண்டு முதல் நான்கு பேர்; சீட்டுக்கு ஒரு வாரம் என்று, பிழைத்த ஒரு சமூகத்தின் ஓராண்டை வரைபடமாக வரைந்துகொண்டே போகலாம். நீண்ட ஆட்டத்துக்கு முன்னுரையாகவும் இது நன்றாக உதவும்.

எதை எடுத்தாலும் முதல் அமர்வுக்கு முன் எல்லோரும் கூடி, எது வரலாம், எது வரவே கூடாது என்று பேசிவிட வேண்டும். பசி, கொள்ளை, குழந்தைகளின் சாவு, சித்திரவதை எல்லாம் இந்த வகையில் இயல்பாகவே தலைகாட்டும். இலங்கைப் போரைக் கண்டவர்களோ சுனாமியில் உறவை இழந்தவர்களோ உட்காரும் மேசையில் 'ட்வைலைட்: 2000' போன்ற ஆட்டத்தைக் கேட்காமல் தொடங்குவது கொடுமை. விலக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி நடுவில் வைக்கலாம். காரணம் கேட்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவிலும் எவரும் ஒரு காட்சியை நிறுத்தச் சொல்லலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

செலவு அதிகமில்லை. இந்த நூல்கள் ஆங்கிலத்தில் பி.டி.எஃப். வடிவில் விற்கப்படுகின்றன; 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' பாத்திர ஏடுகளை அதன் ஆசிரியர்களே இலவசமாகத் தருகிறார்கள். விதி நூலைக் கேம் மாஸ்டர் ஒருவர் படித்தால் போதும், பேச்சு தமிழிலேயே நடக்கும். 'மியூட்டன்ட்'டுக்கென்று தனிப் பகடைகள் விற்கிறார்கள். மூன்று நிறங்களில் சாதாரணப் பகடைகள் இருந்தால் அவை தேவையில்லை. 'ட்வைலைட்: 2000'-க்கு மட்டும் ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு முகப் பகடைகள் வேண்டும்.