ஏரிக்கரையில் ஒரு சின்ன வீடு!

பின்லாந்து நாட்டில் ஏரிகள் சுமார் 1 லட்சத்து 88 ஆயிரம்! கோடை வீடுகள் 5 லட்சத்துக்கு மேல்! கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடியதும் நகரத்துக் குடும்பங்கள் மூட்டை கட்டிவிடும். ஆண்டுதோறும் அதே ஏரி, அதே வீடு. தாத்தா கட்டியதாகக்கூட இருக்கும்.

மாளிகை என்று எண்ண வேண்டாம். சிறிய மரவீடுதான். பல வீடுகளில் தண்ணீர்க் குழாயே கிடையாது. அப்பா தண்ணீர் சுமப்பார். பிள்ளைகள் விறகு அடுக்குவார்கள். ஓய்வெடுக்கப் போன இடத்தில் இத்தனை வேலை!

மாலையில் 'சவுனா' என்ற வெந்நீராவிக் குளியல். அடுப்பின்மேல் சூடேறிய கற்களில் தண்ணீர் தெளிப்பார்கள். 'குப்'பென்று ஆவி எழும். வியர்த்துக் கொட்டியதும் ஏரியில் 'தொபீர்'!

ஆபத்தும் அந்த ஏரியில்தான். ஜூன் பிற்பகுதியில் வரும் 'யுஹன்னுஸ்' பண்டிகையின்போது நீரில் மூழ்கி இறப்பவர்கள் உண்டு. குடித்துவிட்டுப் படகேறுவது முக்கிய காரணம். அதனால் கவனமுள்ள தாய்மார்கள், மிதவைச் சட்டை மாட்டாமல் பிள்ளைகளைப் படகில் ஏற்றுவதில்லை. அப்பாவுக்கும் ஒன்று உண்டு!