அன்று சிறை, இன்று மக்கள் திடல்!

தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி பெங்களூர் வந்தவர்கள் முதலில் காலெடுத்து வைப்பது நகர ரெயில் நிலையத்தில்தான். அங்கிருந்து மெஜஸ்டிக் பஸ் நிலையத்தைத் தாண்டி, ஆனந்தராவ் சர்க்கிள் பக்கம் திரும்பி, சேஷாத்திரி சாலையில் நடந்தால் பழைய கற்சுவர் ஒன்று கண்ணில் படும். உள்ளே மரங்கள். நடுவே தனித்து நிற்கும் ஒரு கோபுரம். வாசலில் பல நாட்கள் போலீஸ் வண்டிகள். உள்ளேயிருந்து ஒலிபெருக்கிச் சத்தம்.

புதிதாக வருகிறவர் இதைப் பார்த்து, "இது என்ன கோட்டையா?" என்று கேட்பது உண்டு. கோட்டை அல்ல. 1860-களில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த மத்தியச் சிறை. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கைதிகளைப் பூட்டி வைத்த இடம். இன்று அதன் பெயர் "பிரீடம் பார்க்". அதாவது சுதந்திரப் பூங்கா!

சிறைக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்த வேடிக்கை எப்படி நடந்தது? ஊரின் நடுவே காலியான இருபது ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கட்டிடக்காரர்கள் கைக்குப் போகாமல் பொதுமக்கள் கைக்கு எப்படி வந்தது? வந்தது முழுவதுமாக வந்ததா?

ஏரி போன ஊர்

பெங்களூரில் காலி இடம் காலியாகவே இருந்ததாகச் சரித்திரம் இல்லை. ரெயில் நிலையத்துக்கு எதிரே இன்று பஸ்கள் வரிசையாக நிற்கும் இடம், ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஏரி வற்றியது. வற்றிய தரையில் பஸ் நிலையம் எழுந்தது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. பழைய ஏரியின் சிறு குளம் ஒன்று மட்டும் அடையாளத்துக்கு மிஞ்சியிருக்கிறது.

மாட்டு வண்டி போன சாலைகளில் மோட்டார்கள் நெருக்கியடித்தன. நிலத்தின் விலை கெஜக் கணக்கிலிருந்து சதுர அடிக் கணக்குக்கு மாறியது. இப்படிப்பட்ட ஊரில், காந்தி நகரை ஒட்டி, விதான சவுதாவுக்கும் ரெயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் ஒரு பெரிய மனை திடீரென்று காலியானால் எத்தனை கண்கள் அதன் மேல் விழும்!

அப்படித்தான் காலியானது மத்தியச் சிறை. நகரம் வளர்ந்து சிறையைச் சூழ்ந்துகொண்டது. கைதிகள் பெருகினார்கள். ஊருக்குத் தெற்கே பரப்பன அக்கிரகாரத்தில் புதிய சிறை கட்டப்பட்டு, 2000-ம் ஆண்டு வாக்கில் கைதிகள் அங்கே மாற்றப்பட்டார்கள். சேஷாத்திரி சாலைச் சிறையின் கதவுகள் திறந்தன. உள்ளே ஆள் இல்லை.

இந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த சர் கே. சேஷாத்திரி ஐயர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவர். கோலார் தங்கவயலில் உழைத்த தமிழர்களுக்கு அவர் தொடங்கிய சிவசமுத்திரம் மின்திட்டம் நினைவிருக்கும். 1902-ல் அந்த மின்சாரம் சுரங்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

வண்டிச் சக்கரம் போல

பழைய சிறையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள ஒரு வண்டிச் சக்கரத்தை நினைத்துப் பார்த்தால் போதும். குடம் இருக்கும் இடத்தில் காவல் கோபுரம். ஆரக்கால்கள் போல அதிலிருந்து பல திசைகளில் விரியும் நீளமான கைதிக் கொட்டடிகள். வட்டை இருக்க வேண்டிய இடத்தில் உயர்ந்த மதில்.

கோபுரத்தில் நிற்கும் ஒரே காவலர், தலையைத் திருப்பினாலே எல்லாக் கொட்டடிகளையும் பார்த்துவிடலாம். அவர் தன்னைப் பார்க்கிறாரா இல்லையா என்பது மட்டும் கைதிக்குத் தெரியாது. எப்போதும் பார்க்கிறார் என்று எண்ணியே அவன் அடங்கிக் கிடப்பான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கில அறிஞர் சொன்ன யோசனை இது. உலகெங்கும் பல சிறைகள் இந்த எண்ணத்தைத் தழுவிக் கட்டப்பட்டன.

இருவர் பிரதமரானார்கள்!

இந்தச் சிறையை நாடு முழுவதும் அறியச் செய்தது 1975-ம் ஆண்டு. ஜூன் 25-ந் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அப்போது நாடாளுமன்றக் குழுக் கூட்டம் ஒன்றுக்காக வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, சியாம் நந்தன் மிஸ்ரா ஆகியோர் பெங்களூரில் தங்கியிருந்தார்கள். மறுநாள் காலையில் அவர்கள் கைது செய்யப்பட்டு, இந்த மத்தியச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

உடல்நலம் குன்றிய வாஜ்பாய் பிறகு டெல்லிக்கு மாற்றப்பட்டார். அத்வானி தம் சிறைவாசத்தின் பெரும் பகுதியை இங்கேயே கழித்தார். கர்நாடகத் தலைவர் தேவேகவுடாவும் இதே சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்.

காலம் சுழன்றது. 1996-ம் ஆண்டு மே மாதம் வாஜ்பாய் பிரதமரானார். இரண்டு வாரங்களில் அவர் பதவி விலக, ஜூன் 1-ந் தேதி தேவேகவுடா பிரதமர் பதவி ஏற்றார். ஒரே சிறையில் கஞ்சி குடித்த இருவர், ஒரே ஆண்டில், அடுத்தடுத்துப் பிரதமர்கள்!

சிநேகலதாவின் கதை

தலைவர்களின் கதை பலருக்கும் தெரியும். அதே மதிலுக்குள் துன்பப்பட்ட ஒரு பெண்ணின் கதை அந்த அளவுக்குத் தெரியாது.

சிநேகலதா ரெட்டி நாடக நடிகை. சென்னையில் "மெட்ராஸ் பிளேயர்ஸ்" நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய கணவர் பட்டாபிராம ரெட்டி இயக்கிய "சம்ஸ்காரா" என்ற கன்னடப் படத்தில் சந்திரி என்ற பாத்திரத்தில் நடித்தவர். 1970-ம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

ஜார்ஜ் பெர்னாண்டசின் நண்பர் என்பதால் அவர் மேல் அரசின் சந்தேகம் விழுந்தது. 1976 மே 2-ந் தேதி அவர் கைது செய்யப்பட்டார். அவருக்கு ஆஸ்துமா நோய். தனிக் கொட்டடியில் மூச்சுத் திணறியபடியே எட்டு மாதங்களுக்கு மேல் கிடந்தார். இரவின் அமைதியில் அவருடைய அலறல் தம் கொட்டடி வரை கேட்டதாக மது தண்டவதே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

சிறையிலும் சிநேகலதா சும்மா இருக்கவில்லை. உடன் இருந்த ஏழைப் பெண் கைதிகளை அதிகாரிகள் அடிப்பதை எதிர்த்துக் கேட்டார். நாட்குறிப்பும் எழுதி வந்தார். 1977 ஜனவரி 15-ந் தேதி, உடல் முற்றிலும் தளர்ந்த நிலையில், பரோலில் வெளியே விட்டார்கள். ஐந்தே நாட்கள். ஜனவரி 20-ந் தேதி அவர் காலமானார். தேர்தல் அறிவிப்பு வந்து இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன.

அவர் மூச்சுக்குத் திணறிய அதே வளாகத்தில் இன்று காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் வீசி நடக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

விற்காமல் விட்ட நிலம்

சிறை காலியானதும் அந்த நிலத்தைப் பொதுமக்களுக்கான இடமாக்குவது என்று முடிவாயிற்று. எப்படி ஆக்குவது என்பதற்குக் கட்டிடக் கலைஞர்களிடையே போட்டி வைக்கப்பட்டது. பெங்களூரைச் சேர்ந்த மாத்யூ அண்ட் கோஷ் நிறுவனத்தின் வரைபடம் தேர்வாயிற்று.

பழையதை எல்லாம் இடித்துத் தள்ளிவிட்டுப் புல்தரை போடுவது சுலபமான வழி. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. காவல் கோபுரத்தை விட்டுவைத்தார்கள். கொட்டடிகளில் சிலவற்றையும் மதிலின் பகுதிகளையும் காத்தார்கள். இடையிடையே நடைபாதைகள், மரநிழல், உட்காரும் திட்டுகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுக்கூட்டத்துக்கும் போராட்டத்துக்கும் என்றே ஒரு பகுதியைத் திறந்த திடலாக ஒதுக்கினார்கள். பூங்கா 2008-ம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது.

நம் நாட்டில் பூங்காக்கள் ஏராளம். "இங்கே வந்து குறை சொல்லுங்கள்" என்று இடம் ஒதுக்கிக் கட்டிய பூங்கா அபூர்வம். இந்தத் திடலின் பெருமை அதில்தான் இருக்கிறது.

திடலும் சீக்கிரமே உயிர் பெற்றது. 2011-ல் அன்னா ஹசாரேயின் ஊழல் எதிர்ப்பு இயக்கத்துக்கு ஆதரவாக இங்கே கூட்டம் கூடியது. 2017 மார்ச்சில் மாநிலம் எங்குமிருந்து அங்கன்வாடி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். சேஷாத்திரி சாலையே அவர்களுக்குப் படுக்கையாயிற்று. சம்பள உயர்வு கேட்டு வெயிலிலும் பனியிலும் நாட்கணக்கில் கிடந்தார்கள். 2022 ஜூலையில் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் நிரந்தர வேலை கேட்டு இங்கே வந்தார்கள். தெலுங்கும் தமிழும் வீட்டு மொழியாகக் கொண்டவர்கள் அவர்களில் நிறைய உண்டு.

திடலா, தொழுவமா?

இதுவரை கதை இனிக்கிறது. இனி வருவது யோசிக்க வேண்டியது.

முன்பெல்லாம் பெங்களூரில் டவுன்ஹால் படிகளில் போராட்டம் நடக்கும். மைசூர் பாங்க் சர்க்கிளில் நடக்கும். மகாத்மா காந்தி சாலையில் காந்தி சிலை அருகே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். 2021-ல் ஊர்வலங்களால் போக்குவரத்து ஸ்தம்பிப்பதைக் கண்ட கர்நாடக உயர் நீதிமன்றம், தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதைத் தொடர்ந்து அரசு ஆணை வந்தது. போராட்டம் என்றால் போலீஸ் அனுமதியுடன் பிரீடம் பார்க்கில் மட்டும். நகரின் மற்ற இடங்களில் கூடாது என்று ஆயிற்று.

போக்குவரத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பெங்களூர் நெரிசலில் சிக்கித் தவித்தவர்களுக்கு அது தெரியும். ஆம்புலன்சில் உயிருக்குப் போராடுகிறவரின் அவசரம் ஊர்வலத்துக்காகக் காத்திருக்காது. ரெயிலைப் பிடிக்க ஓடுகிறவரும், பரீட்சைக்குப் போகிற மாணவியும் என்ன பாவம் செய்தார்கள்?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். குறை சொல்கிறவன், கேட்கிறவன் காதில் விழும்படி சொல்ல வேண்டும். கிழக்கே ஒயிட்பீல்டில் வீட்டை இழந்தவர், மேற்கே பீனியாவில் வேலையை இழந்தவர், தம் தெருவில் நின்று ஒரு பதாகை பிடிக்கவும் வழியில்லாமல் இங்கேதான் வர வேண்டும் என்றால், அவர் பேச்சை அவருடைய தெருவே கேட்காது. மதிலுக்குள் பேசி, மதிலுக்குள்ளேயே கலைந்து போவார். வருவதற்கு ஒரு வாசல் இருந்தால் அது திடல். வேறெங்கும் போகக் கூடாது என்று ஓட்டி அடைத்தால் அது தொழுவம்.

நிலத்தின் மேல் விழும் கண்களும் ஓயவில்லை. பூங்காவை ஒட்டி ஐந்நூறுக்கு மேற்பட்ட கார்களை நிறுத்தும் பல அடுக்குக் கட்டிடம் 2024-ல் திறக்கப்பட்டது. காந்தி நகர் கடைத்தெருக்களுக்கு வருவோருக்கு அது உதவிதான். ஆனால் ஊருக்கு எப்போதும் ஏதாவது ஒரு தேவை இருந்துகொண்டே இருக்கும். காலியாகக் கிடப்பது போல் தெரிகிற திடலை அது எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

என்ன வேண்டும்?

இந்த இடத்தைக் காப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்து இரவு தங்கிப் போராடும் பெண்களுக்குக் குடிநீரும், சுத்தமான கழிப்பறையும், நிழலும் வேண்டும். இங்கே இருந்தவர்கள் யார், என்ன பாடுபட்டார்கள் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழ், தெலுங்கு, உருது மொழிகளிலும் எழுதிய பலகைகள் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது அழைத்து வந்து காட்ட வேண்டும். அமைதியாக, வழிமறிக்காமல் நாலு பேர் கூடி நிற்க மற்றப் பேட்டைகளிலும் சிறு திடல்கள் வேண்டும்.

மாலை வேளையில் அருகில் உள்ள கல்லூரிகளின் மாணவர்கள் மர நிழலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். திடலின் பக்கம் ஏதோ ஒரு சங்கத்தார் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் இளநீர்க்காரர் இரண்டு தரப்புக்கும், காவலுக்கு வந்த போலீஸ்காரருக்கும் சேர்த்தே காய் சீவுகிறார்.

நடுவே பழைய காவல் கோபுரம் நிற்கிறது. அதில் இப்போது காவலர் இல்லை. கீழே நடப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் இனி ஊர் மக்கள்தான்.