பழைய விசைப்படகைப் பேணுதல்

பழைய மர விசைப்படகை வாங்கித் தாமே செப்பனிட முனைவோர் முதற்கண் எந்திரத்தையே ஆராய்வர். பலகையை முதலில் பார்க்குமாறு நாம் கூறுவோம். கடல்நீரினும் மழைநீரே மரத்தை மிகுதியாக உக்கச் செய்கிறது. உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும். மேல்தள இடுக்கில் தேங்கும் நன்னீர் அதனை வளர்க்கும். கத்திமுனை எளிதில் இறங்குமிடத்தை வண்ணம் பூசி மறைத்தலாகாது. வெட்டி நீக்கிப் புதுப்பலகை இடல் வேண்டும்.

பலகைகளின் இடைவெளியில் பஞ்சுத்திரி அடைத்தலைக் 'கலப்பற்று' என்பர். (நெய்தல் நிலத்தில் நம் மாணவர் தொகுக்க வேண்டிய சொற்கள் இன்னும் பல.) நெடுநாள் கரையில் கிடந்த படகை நீரில் இறக்கியதும் கசியும். மரம் நீருண்டு பருத்தபின் இடுக்குகள் தாமே நெருங்கும். இதனையறியாது உலர்ந்த நிலையிலேயே திரியை அளவுமீறி இறுக்கினால், பலகை பருக்குங்கால் ஆணிகள் நெகிழ்ந்துவிடும்.

நீரில் மூழ்கும் உலோக உறுப்புகளோடு துத்தநாகக் கட்டியை இணைத்தால் அதுவே முதலில் அரிபடும். பாதி தேய்ந்ததும் மாற்றுதல் வேண்டும்.

உயிருக்கு ஊறு விளைப்பது பெட்ரோல் ஆவி. காற்றினும் கனமாதலின் அடித்தளத்தில் தங்கும். ஒரு பொறி போதும். எந்திரம் உள்ளமைந்த படகாயின் காற்றுவிசிறியை 4 நிமிடமேனும் சுழலவிட்டு, மூடியைத் திறந்து, நெடி இல்லையென்று முகர்ந்தறிந்த பின்னரே எந்திரத்தை முடுக்குதல் வேண்டும்.