பிரிட்ஜ் குளிரலையா? "கேஸ் போச்சு"ன்னு உடனே முடிவு பண்ணாதீங்க!



மாவு அரைத்து விற்பவர்கள், மீன் வியாபாரம் செய்பவர்கள், ஐஸ், மோர் போட்டு விற்பவர்கள் என்று திருநின்றவூர் பகுதியில் நம் உறுப்பினர்கள் பலருக்கு பிரிட்ஜ் ஒரு தொழில் கருவி. குழுக் கடன் வாங்கிப் போட்ட பிரிட்ஜ் கோடையில் கைவிட்டால் ஒரே ராத்திரியில் மாவு புளிச்சிடும், மீன் கெட்டுடும். வருகிற மெக்கானிக்குகளில் சிலர் சரியாகச் சோதிக்காமலே "கேஸ் போயிடுச்சும்மா" என்று சொல்லிவிடுகிறார்கள். கேஸ் நிரப்ப ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆனால் பல நேரங்களில் பழுது சில நூறு ரூபாய் சென்சாரில்தான் இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இந்த இதழில் பார்ப்போம்.

உங்கள் பிரிட்ஜ் எந்த வகை?

பிரீசரில் ஐஸ் கட்டி, பட்டனை அழுத்திக் கரைக்கும் சாதாரண ஒற்றைக் கதவு பிரிட்ஜில் பெரும்பாலும் சென்சார் இருக்காது. உள்ளே திருகும் குமிழுக்குப் பின்னால் தெர்மோஸ்டாட் இருக்கும். உள்விளக்கு எரிந்தும், குமிழைக் கடைசி எண்ணில் வைத்தும் கம்ப்ரசர் ஓடவில்லை என்றால், முதலில் தெர்மோஸ்டாட்டையும் கம்ப்ரசர் ரிலேவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐஸைத் தானே கரைத்துக்கொள்ளும் இரட்டைக் கதவு பிரிட்ஜில்தான் சென்சார் உண்டு. இது வயர் நுனியில் இருக்கும் சின்னப் பொருள். குளிர் கூடினால் இதன் மின்தடை கூடும்; சூடு ஏறினால் குறையும். அந்த அளவைப் பார்த்துத்தான் கம்ப்ரசரை ஓட்டுவதா நிறுத்துவதா என்று போர்டு முடிவு செய்கிறது. சென்சார் பொய் சொன்னால் போர்டும் ஏமாந்து போகும்.

அறிகுறிகள்

1. "இன்னும் சூடாத்தான் இருக்கு" என்று சென்சார் பொய் சொன்னால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். கீழே வைத்த பாலும் காய்கறியும் உறையும். கரண்ட் பில் ஏறும். வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அதைப் போடக் கூடாது.

2. "போதுமான அளவு குளிர்ந்தாச்சு" என்று பொய் சொன்னால் கம்ப்ரசர் சீக்கிரமே நின்றுவிடும். ஐஸ் கட்டாது, மீன் மெத்தென்று ஆகிவிடும்.

3. ஐஸ் கரைக்கும் வேலைக்கான சென்சார் கெட்டால், பிரீசரின் பின்பலகைக்குள் ஐஸ் மூடிக்கொள்ளும். காற்று கீழே இறங்காது. மேலே குளிரும், கீழே மட்டும் குளிராது.

நாமே செய்யும் சோதனைகள்

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இவற்றைப் பாருங்கள்:

• கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சும்மா வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது.

• உள்ளே பாத்திரங்களை அடைத்து, காற்று வரும் வழியை மறைத்திருக்கிறோமா? பிரீசர் காற்றாடி ஓடும் சத்தம் கேட்கிறதா?

• பிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, கீழ்த்தட்டில் தண்ணீர் டம்ளருக்குள் ராத்திரி முழுவதும் வையுங்கள். காலையில் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரீசரில் மைனஸ் 18 அளவில் இருக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

• பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து ஒரு நாள் முழுவதும் ஐஸைக் கரைய விடுங்கள். பிறகு சில நாள் நன்றாகக் குளிர்ந்து, மறுபடியும் அதே தொல்லை வந்தால், பழுது ஐஸ் கரைக்கும் சென்சாரிலோ ஹீட்டரிலோ இருக்கலாம். கேஸ் குறைந்திருந்தால் ஐஸைக் கரைத்த பிறகும் சரியாகக் குளிராது.

மெக்கானிக்கிடம் கேளுங்கள்

"சென்சாரை மீட்டர் வைச்சுப் பார்த்தீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். சோதிப்பது எளிது. சென்சாரைக் கழற்றி, நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் உள்ள டம்ளரில் சில நிமிடம் வைக்க வேண்டும். அது 0 டிகிரி. 25 டிகிரியில் 10 ஆயிரம் ஓம் காட்டும் வகை சென்சார், அப்போது சுமார் 30 ஆயிரம் ஓம் காட்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். அந்த மாடலின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். ஐஸில் வைத்தும் எண் ஏறாவிட்டாலும், மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டாலும் சென்சார் கெட்டுவிட்டது. சென்சார் சரியாக இருந்தால் அடுத்து வயர், காற்றாடி, ஹீட்டர், போர்டு என்று பார்க்கலாம். கேஸ் பேச்சு கடைசியில்தான் வர வேண்டும்.

செய்யக் கூடாதவை

கத்தியால் ஐஸைக் குத்தாதீர்கள். குழாயில் ஓட்டை விழும். இப்போது வரும் பல பிரிட்ஜ்களில் உள்ள ஆர் 600ஏ கேஸ் தீப்பற்றக்கூடியது. பின்பலகையை நீங்களே திறக்காதீர்கள். அது மெக்கானிக் வேலை. "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்று கெட்டுப்போன பிரிட்ஜில் இருந்த மீனையும் கறியையும் விற்காதீர்கள். நோய்க்கிருமி எல்லாமே நாற்றம் காட்டாது.

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ரசீதும் வாரண்டி அட்டையும் பத்திரமாக இருக்கட்டும். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். தெர்மாமீட்டரைக் குழுவுக்கு ஒன்றாகப் பொதுவில் வாங்கி வைத்தால், ஆளுக்கு ஒரு நாள் எடுத்துப் போய்ப் பார்க்கலாமே!